நண்டுக் குஞ்சுத் தொட்டியில் அம்மோனியா

சீர்காழிக்கு அருகே தொடுவாயில் இயங்குவது போன்ற சேற்று நண்டுப் பொரிப்பகங்களில், முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி சோயியா எனப்படும் ஐந்து தொடக்க நிலைகளையும் மெகலோப்பா எனப்படும் ஓர் இடைநிலையையும் கடந்த பிறகே நண்டின் உருவை அடைகிறது. ஒவ்வொரு நிலையிலும் தோலுரித்து வளர அதற்குப் புரதம் மிகுந்த இரை தேவை. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். அதில் உடலுக்குப் பயன்படாததை நண்டு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் இரையும் அம்மோனியாவையே தருகிறது.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அயனி செவுளின் சவ்வை எளிதில் கடக்காது. மின்னேற்றமற்ற அம்மோனியா கடந்துவிடும்; அதுவே நச்சு வடிவம். எது எவ்வளவு என்பதை நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் பிஎச் 8 ஆக இருக்கையில் மொத்தத்தில் சுமார் 5 சதவீதமே நச்சு வடிவம்; பிஎச் 9 ஆனால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். பகலில் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறுகிறது. எனவே காலையில் தீங்கற்றதாகத் தோன்றிய அதே நீர் பிற்பகலில் குஞ்சுகளை வாட்டக்கூடும். சோதனைப் பெட்டி காட்டும் மொத்த அம்மோனியாவை மட்டும் பார்த்து நிம்மதியடைவது, என் கருத்தில், பண்ணைகளில் காணப்படும் பெரிய பிழை.

வெளியே அம்மோனியா மிகுந்தால், உள்ளிருப்பது இயல்பாகக் கசிந்து வெளியேறும் வழி அடைபடுகிறது. நண்டு ஆற்றலைச் செலவழித்து அதைச் செவுளில் அயனிகளைக் கடத்தும் புரதங்கள் மூலம் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. வளர்ச்சிக்குரிய ஆற்றல் அதில் கரைகிறது. மிகுந்த செறிவு நீடித்தால் செவுள் திசுவே சிதைகிறது. அடிக்கடி தோலுரிக்கும் குஞ்சுகளுக்கு இது கூடுதல் சுமை. புதுத்தோலோடு தளர்ந்து கிடப்பதை மற்றக் குஞ்சுகள் தின்றுவிடுவதும் உண்டு.

நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் வளரும் வடிகட்டி புதிதாக இருக்கையில் பின்னவை மெதுவாகவே பெருகுவதால் இடையில் சில வாரங்கள் நைட்ரைட் தேங்கும். நைட்ரைட் செவுளில் குளோரைடு நுழையும் பாதையிலேயே நுழைகிறது. உப்பு மிகுந்த நீரில் குளோரைடு அதனோடு போட்டியிட்டு அதைத் தடுக்கிறது. ஆகவே பெருமழைக்குப் பின் உப்புத்தன்மை இறங்கிய குளத்தில், முன்பு தாங்கிய அதே நைட்ரைட் அளவு குஞ்சுகளுக்கு ஆபத்தாகிறது.