முதலில் கானை அடைக்கணும்

சித்தப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கான், அதாவது தண்ணி ஓடும் வாய்க்கால், வெட்டியவர். ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் கண்டிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் படத்தில் ஓரிடத்தைப் பேனாவால் தொட்ட டொக்டர், "இங்கே நாடிக்கும் நாளத்துக்கும் நடுவில் ஒரு தொடுப்பு விழுந்திருக்கிறது. மருந்து விடுவதற்கு முன்னால் அதை அடைக்கவேண்டும்" என்றார். நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். சித்தப்பாதான் கேட்டார்: "அப்ப தண்ணி வேற கானுக்குப் போகுது, அதானே ஐயா?"

அதேதான்.

நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்; நாளம் உறுப்புகளிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாய். ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழியாக வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் வாயினாளம் முக்கால் பங்கைக் கொண்டுவரும். ஈரல் நாடி மீதியை. ஆனால் புற்றுக்கட்டி வளர்வது கிட்டத்தட்ட முழுக்க நாடி இரத்தத்தில். சிகிச்சைக்கு வழி கிடைப்பதே இந்த வித்தியாசத்தால்தான். கட்டிக்குப் போகும் நாடிக் கிளையில் மருந்தை விட்டு, பின்னாலேயே அந்தக் கிளையையும் அடைத்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும். நல்ல ஈரல் வாயினாளத்து இரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும்.

தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, நாடிக்குள் கதீட்டர் குழாயை விடுகிறார்கள். முதலில் ஊசி, ஊசிக்குள் கம்பி, கம்பிமேல் குழாய்: 1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் காட்டிய முறை. பெருநாடி வழியாக ஈரல் நாடியை எட்டியதும், அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய இன்னொரு குழாய் கட்டியின் கிளைவரை போகும். டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்பியோடோல் எண்ணெயில் கலந்து மெதுவாக விடுவார்கள். கசகசா எண்ணெயில் அயடீன் சேர்த்துச் செய்ததுதான் லிப்பியோடோல். அது கட்டிக்குள் தங்கிவிடும். பிறகு எடுக்கும் சீடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும்.

தொடுப்பு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. கட்டி வாயினாளத்துக் கிளையின் சுவரை அரித்து உள்ளே வளரும்போது, அதன் நாடிக் குழாய்கள் நேராக நாளத்துக்குள் திறந்துவிடுகின்றன. நாடியில் அழுத்தம் சராசரியாக 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். வாயினாளத்தில் வழக்கமாக 5 முதல் 10தான். மேட்டிலிருந்து வரும் தண்ணிக்குழாய் உடைந்து சின்னக் கானுக்குள் பாய்ந்தால் கான் தாங்குமா? அழுத்தம் பின்னால் ஏறி, உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து வெடிக்கலாம், இரத்த வாந்தி வரலாம், வயிற்றில் நீர் கட்டலாம். இந்த நிலையில் மருந்தை விட்டால் அது கட்டியில் தங்காமல் நல்ல ஈரலுக்குள் பாயும். தொடுப்பு, ஈரலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் ஈரல் நாளத்தோடு என்றால் இன்னும் ஆபத்து: எண்ணெய் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்கே போய்விடும்.

கண்டுபிடிப்பது எப்படி? ஈரல் நாடிக்குள் சாயம் விட்டுப் படம் பிடிக்கும்போது நாடிக் கிளைகள் மட்டும்தான் முதலில் தெரியவேண்டும். தொடுப்பு இருந்தால், நாடி தெரிந்த கையோடு பக்கத்திலேயே வாயினாளமும் பளிச்சென்று தெரியும், ரயில் தண்டவாளம்போல இரண்டு கோடாக.

அடைப்பதற்குப் பல பொருள்கள் உண்டு: சின்னதாக வெட்டிய ஜெலட்டின் பஞ்சு, பிளாஸ்டிக் துகள், பிளாட்டினச் சுருள், பசை, அல்ககோல். எதை எடுப்பது என்பதில்தான் டொக்டரின் கைப்பழக்கம் தெரியும். துகள் ஓட்டையைவிடச் சின்னதாக இருந்தால் அது வழியாகவே ஓடிவிடும். சுருளை நாடியின் அடிமரத்தில் வைத்து அடைத்துவிட்டால் அடுத்த தடவை கதீட்டர் போக வழியே இருக்காது. அதனால் தொடுப்புக்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு கிட்டப் போய் அடைத்து, மறுபடி சாயம் விட்டுப் பார்ப்பார்கள். இரண்டாவது கோடு மறைந்த பிறகுதான் மருந்து.

எல்லோருக்கும் இதைச் செய்யமுடியாது. வாயினாளத்தின் பெருங்கிளையே கட்டியால் அடைபட்டிருந்தால் ஈரல் நாடியைத்தான் நம்பியிருக்கும். நாடியையும் அடைத்தால் ஈரலே செயலிழக்கலாம். ஈரல் ஏற்கெனவே மிகவும் கெட்டிருந்தாலும் அப்படித்தான். சித்தப்பாவுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனைகளை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதற்காகத்தான்.

முடிந்து வந்த பிறகு சில நாள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குமட்டல் வரும்; கட்டி சாகும்போது வருவது அது. ஆனால் இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், மூச்சுத்திணறல், வயிறு உப்புவது, புத்தி தடுமாறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் தேதிவரை காத்திருக்கக்கூடாது. மேல் டிவிஷன் லயத்திலிருந்து ராத்திரியில் வாகனம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எங்கள் சித்தி ஓட்டோக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் நம்பரைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்.