அரசு சொன்னால் தொட்டில் ஆடுமா?

1970களில் சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனால், பில் தொகை அது எத்தனையாவது பிள்ளை என்பதைப் பொறுத்தது. முதல் பிள்ளைக்குக் குறைவு. அடுத்தடுத்த பிள்ளைக்கு ஏறிக்கொண்டே போகும். பிரசவம் முடிந்த கையோடு கணவனோ மனைவியோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு கிடையாது. ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று நான்கு மொழிகளிலும், தமிழ் உட்பட, பிரசாரம் நடந்தது.

இன்று அதே ஊரில் முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 11,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்றாவது முதல் தலா 13,000 வெள்ளி என்று அரசே பெற்றோர் கணக்கில் போடுகிறது. 16 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அப்பாவுக்கு நான்கு வாரம். இதில் பெரும்பகுதி அப்போதே இருந்தும் 2023ல் சிங்கப்பூரின் கருவுறுதல் விகிதம், அதாவது சுமாராக ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்ற கணக்கு, 0.97. 2024லும் அதே 0.97. மக்கள்தொகை தானாகவே குறையாமல் இருக்க வேண்டிய அளவு 2.1.

வேண்டாம் என்றபோது கேட்ட மக்கள், வேண்டும் என்னும்போது ஏன் கேட்கவில்லை? உண்மையில் முதல் தடவையும் அவர்கள் அரசு சொன்னதற்காகக் கேட்டார்களா என்பதே சந்தேகம்.

சிங்கப்பூரின் விகிதம் 1957ல் 6க்கு மேல் இருந்தது. 1965ல் நாடு தனியானபோது 4.7 அளவுக்கு இறங்கிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது 1966ல். இரண்டு பிள்ளைப் பிரசாரம் 1972ல். அதாவது சரிவு முதலில் வந்தது, வாரியம் பின்னால் வந்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், அப்புறம் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். பாட்டி, சித்தி, பெரியம்மா என்று பார்த்துக்கொள்ள ஆள் இருந்த கூட்டுக் குடும்பங்கள் வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் தனித்தனியாகக் குடியேறின. குறைவாகப் பெற்றால் போதும் என்று மக்களே நினைக்கத் தொடங்கிய நேரத்தில், அதற்கான வழியை அரசு மலிவாகக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்தது. 1975ல் விகிதம் 2.1ஐத் தொட்டது. அதோடு நிற்கவும் இல்லை. 1986ல் 1.43.

நடுவில் ஒரு விபரீதமும் நடந்தது. படித்த பெண்கள் கல்யாணம் செய்வதில்லை, பிள்ளை பெறுவதில்லை என்று 1983ல் பிரதமர் லீ குவான் யூ தேசிய தின உரையில் கவலைப்பட்டார். மறு வருடம், பட்டதாரித் தாய்க்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று ஒரு திட்டம் வந்தது. அதே சமயத்தில், அதிகம் படிக்காத ஏழைத் தாய் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு ஆபரேஷன் செய்துகொண்டால் 10,000 வெள்ளி. யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்று அரசு தரம் பிரித்ததை மக்கள் பொறுக்கவில்லை. சலுகை கிடைக்கவிருந்த பட்டதாரிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். 1984 தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு சதவீதம் 13 புள்ளி அளவுக்கு விழுந்தது. 1985ல் பள்ளி முன்னுரிமைத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான்.

1987ல் கொள்கை தலைகீழானது. ‘மூன்று பெறுங்கள், வசதி இருந்தால் இன்னும் பெறுங்கள்’ என்றார்கள். 1988ல் விகிதம் 1.96க்குத் தாவியது. ஆனால் 1988 சீனர்களுக்கு டிராகன் ஆண்டு, பிள்ளை பெற ராசியான வருடம். 1986 புலி ஆண்டு, பலர் தவிர்க்கும் வருடம். அந்தத் தாவலில் அரசுக்கு எவ்வளவு பங்கு, டிராகனுக்கு எவ்வளவு பங்கு? பிரித்துச் சொல்வது கஷ்டம். நல்ல வருடம் வரட்டும் என்று ஒத்திப்போட்ட பிள்ளைகள் அந்த வருடத்தில் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு விகிதம் மறுபடி இறங்கியது. அடுத்த டிராகன் ஆண்டுகளில் 2000ல் 1.60, 2012ல் 1.29. 2024ல் டிராகனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கேதான் இந்த விகிதம் என்ன அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 1.96 என்றால் சிங்கப்பூர்ப் பெண்கள் சராசரியாக 1.96 பிள்ளை பெற்றார்கள் என்று அர்த்தமில்லை. அந்த ஒரு வருடத்தில் 20 வயதுக்காரர்கள், 25 வயதுக்காரர்கள், 30 வயதுக்காரர்கள் பெற்ற வேகத்தை எல்லாம் கூட்டி, ஒரே பெண் தன் வாழ்நாள் முழுக்க இந்த வேகத்தில் போனால் எத்தனை பிள்ளை என்று போடும் கற்பனைக் கணக்கு அது. எல்லாப் பெண்களும் அடுத்த வருடம் பெற வேண்டிய பிள்ளையை இந்த வருடமே பெற்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருட விகிதம் இரட்டிப்பாகும், அடுத்த வருடம் பூஜ்யம். கடைசியில் ஒருவருக்கும் ஒரு பிள்ளைகூட அதிகமில்லை. அமைச்சர் மட்டும் இந்த வருடம் பேட்டி கொடுத்திருப்பார். ஜான் போங்கார்ட்ஸ், கிரிஃபித் ஃபீனி என்ற இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1998ல் இந்தக் காலப்பிழையைத் திருத்த ஒரு கணக்கு முறையே கொடுத்தார்கள்.

இதற்கு ஸ்வீடனை விடச் சுத்தமான உதாரணம் கிடையாது. அங்கே 1974லேயே தாய், தகப்பன் இருவருக்கும் பெற்றோர் விடுப்பு வந்துவிட்டது. விடுப்புக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை, பிரசவத்துக்கு முன் வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில் இருக்கும். 1980களில் சம்பளத்தில் 90 சதவீதம். சிக்கல் இரண்டாவது பிள்ளையில்தான். முழுநேர வேலையில் 10,000 குரோனர் வாங்கியவர் முதல் பிள்ளைக்குப் பிறகு அரைநேர வேலைக்கு மாறி 5,000 வாங்குகிறார் என்றால், இரண்டாவது பிரசவத்துக்கு உதவித்தொகையும் பாதியாகிவிடும். அதனால் ஒரு விதி செய்தார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் அடுத்த பிள்ளை பிறந்தால் பழைய 10,000 கணக்கிலேயே தொகை. முதலில் அந்த வரம்பு 24 மாதம். அது கொஞ்சம் நெருக்கம். 1986ல் 30 மாதமாக்கினார்கள்.

30 மாதம் என்பது நிதானமாகவே எட்டக்கூடிய இடைவெளி. தம்பதிகள் காலண்டரைப் பார்த்துத் திட்டமிட்டார்கள். இரு பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி நாடு முழுக்கச் சுருங்கியது. 1980களின் தொடக்கத்தில் 1.6 அளவில் இருந்த விகிதம் 1990ல் 2.1ஐத் தாண்டியது. உலகமே ஸ்வீடனைப் பார்த்து வியந்தது. அப்புறம் 1990களின் பொருளாதார நெருக்கடி வந்தது. முன்கூட்டியே பெற்று முடித்தவர்களும் வரிசையில் இல்லை. 1999ல் விகிதம் 1.5. ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்களின் வாழ்நாள் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு பிள்ளை. வரைபடத்தில் மலையும் பள்ளமும் தெரிந்த காலத்திலும் அந்த இரண்டு பெரிதாக அசையவில்லை. அரசு விதி பிரசவத் தேதியை அழகாக நகர்த்தியது. எண்ணிக்கையைப் பெரும்பாலும் குடும்பம்தான் முடிவு செய்தது.

வற்புறுத்தினால்? அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது. 1966 அக்டோபரில் ருமேனியாவில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் அரசு ஆணை எண் 770ஐப் போட்டுக் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1.9 ஆக இருந்த விகிதம் ஒரே வருடத்தில் 3.7 ஆனது. மக்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள், 1980களின் தொடக்கத்தில் அது 2க்குத் திரும்பிவிட்டது. சுற்றுவழி என்றால் திருட்டுத்தனமான கருக்கலைப்பு. ஏறக்குறைய 10,000 பெண்கள் அதில் செத்துப்போனார்கள் என்பது மதிப்பீடு. வேண்டாத பிள்ளைகளால் அனாதை இல்லங்கள் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் ரத்தான சட்டங்களில் இதுவும் ஒன்று. அடுத்த ஒரே வருடத்தில் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்மார் சாகும் விகிதம் பாதியாகக் குறைந்தது.

சரி, பணம் கொடுத்தால்? கொஞ்சம் வேலை செய்யும், ஆனால் செலவு அதிகம். 100 பிள்ளை பிறக்கும் ஊரில் போனஸ் அறிவித்து 105 பிறந்தால், 105 பேருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். எப்படியும் பிறந்திருக்கக்கூடிய 100 பேருக்கும் அதே தொகைதான். அந்தக் கூடுதல் ஐந்திலும் ஸ்வீடன் மாதிரி முன்கூட்டி வந்தவை எத்தனை என்று தெரிய வருடங்கள் ஆகும். ஏற்கெனவே பிறந்த பிள்ளையை வளர்க்க அந்தப் பணம் உதவுவது வேறு விஷயம். அந்தக் காரணத்துக்காகக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிள்ளையின் பெரிய செலவு பால் பவுடரிலோ ஸ்கூல் ஃபீஸிலோ மட்டும் இல்லை. டென்மார்க்கில் ஆண், பெண் சம்பளத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் பிள்ளை வரை இருவரும் சேர்ந்தே ஏறுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் அம்மாவின் வருமானம் மட்டும் விழுகிறது. நீண்ட காலத்தில்கூட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாகவே நிற்கிறது. அப்பாவின் கோடு அசைவதில்லை. குழந்தை காப்பகமும் விடுப்பும் தாராளமாக உள்ள டென்மார்க்கிலேயே இந்த நிலை. மொத்தமே 11,000 வெள்ளி இதை ஈடுகட்டுமா?

அதனால்தான் இப்போது பல நாடுகள் அப்பா பக்கம் திரும்புகின்றன. ஃபின்லாந்து 2022ல் இரு பெற்றோருக்கும் ஆளுக்கு 160 நாள் என்று சமமாகப் பிரித்தது. ஆனால் 2010ல் 1.87 ஆக இருந்த அங்குள்ள விகிதம் 2023ல் 1.26. திட்டம் தப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பிறப்பு விகிதத்தை உயர்த்தும் மருந்து என்று விற்றது தப்பு.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டின் விகிதம், மத்திய அரசு பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கும் மாதிரிப் பதிவு முறைப்படி (SRS), 2023ல் 1.3. தொகுதி மறுவரையறையில் மக்களவை இடங்கள் குறையும் என்ற கவலையில் 2025ல் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் சீக்கிரம் பிள்ளை பெற வேண்டும் என்றார். ஆந்திரா 2024ல், இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற பழைய விதியை நீக்கியது. மேடையில் பேச்சு மாறிவிட்டது, சட்டப் புத்தகம் இன்னும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ காலத்தில் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ல் வந்த திருத்தத்தின் கணக்குதான் இன்றும்: முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம்தான். தனியார் நிறுவன அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை.

சிங்கப்பூரில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 16 வாரச் சம்பளத்தில் பாதியை அரசு ஒரு வரம்புக்குள் திருப்பிக் கொடுக்கிறது. மூன்றாவது முதல் 16 வாரத்துக்கும் அரசே கொடுக்கிறது. இங்கே இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் வராத பெண்களுக்கு 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில். இருபது பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி, இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் “கல்யாணம் எப்போம்மா?” என்று கேட்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.