பயங்கரவாதம், தீவிரவாதம்: இரண்டும் ஒன்றல்ல

டெரரிசம் என்பதற்குத் தமிழில் பயங்கரவாதம். எக்ஸ்ட்ரீமிசம் என்பதற்குத்தான் தீவிரவாதம். அகராதிக்கு இந்த இரண்டு வரி போதும். ஆனால் நம் செய்திகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தலைப்பில் 'தீவிரவாதி' என்று இருக்கும். இரண்டாம் பத்தியில் அதே ஆள் 'பயங்கரவாதி' ஆகிவிடுவார். கடைசிப் பத்தியில் மறுபடியும் 'தீவிரவாதி'. ஒரு எம்.பி. அவையில் பேசியதைத் தமிழில் தரும்போது இந்தக் கலப்பு பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். எதிர்க்கட்சியின் போக்கு எக்ஸ்ட்ரீம் என்று அவர் கண்டித்திருப்பார். தமிழில் படிப்பவருக்கோ, அந்தக் கட்சிக்காரர்கள் குண்டு வைக்கிறார்கள் என்று அவர் சொன்னதுபோல் இருக்கும்.

முதலில் தீவிரம். வடமொழியின் 'தீவ்ர'விலிருந்து வந்தது; கூர்மை, கடுமை, வேகம் என்று பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவு, தீவிர வாசகர், தீவிரப் பிரசாரம், புயல் தீவிரமடைந்தது என்று நாள்தோறும் சொல்கிறோம். எதிலும் குற்றம் என்ற பொருள் இல்லை. இந்தியத் தேசிய காங்கிரஸ் 1907 டிசம்பரில் சூரத்தில் இரண்டாக உடைந்தபோது ஒரு பக்கம் மிதவாதிகள், மறுபக்கம் தீவிரவாதிகள் என்று நம் வரலாற்று நூல்கள் எழுதின. திலகரும் விபின் சந்திர பாலும் லாலா லஜபதி ராயும் தீவிரவாதிகள். தமிழ்நாட்டிலிருந்து சூரத்துக்குப் போன வ.உ.சி.யும் பாரதியும் அந்த அணிதான். மனுப் போட்டுக் கெஞ்சினால் போதாது, சுயராஜ்யம் வேண்டும், அந்நியத் துணியைப் புறக்கணிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தீவிரம். அதாவது இந்தச் சொல் ஒருவருடைய கருத்து எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் குறிக்கிறது. அவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்பதை அது சொல்வதே இல்லை. பள்ளிக்கூடத்தில் திலகரைத் தீவிரவாதி என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, சாயங்காலச் செய்தியில் ரயிலில் குண்டு வைத்தவனுக்கும் அதே சொல்லைக் கேட்டால் என்ன நினைக்கும்?

பயங்கரம் வேறு. பயம், கரம் என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்தது. 'கரம்' இங்கே கை அல்ல, செய்வது, உண்டாக்குவது. அச்சத்தை உண்டாக்குவது எதுவோ அது பயங்கரம். ஆகவே பயங்கரவாதம் என்றால் மக்களை அச்சுறுத்திக் காரியத்தைச் சாதிக்கும் வழி. டெரரிசத்தின் வேரும் இதேதான். லத்தீனில் 'தெர்ரேரே' என்றால் அச்சுறுத்துவது. சொல்லை முதலில் ஆக்கியவர் யாராக இருந்தாலும் பொருத்தமாகத்தான் ஆக்கியிருக்கிறார்.

டெரரிசம் பிறந்த இடம் பலருக்கு வியப்பாக இருக்கும். அது காட்டில் ஒளிந்திருந்த கூட்டத்துக்கு வைத்த பெயர் அல்ல. ஒரு நாடாளுமன்றத்துக்குள்ளிருந்து கிளம்பிய சொல் அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 செப்டம்பர் 5 அன்று, பாரிஸ் தேசிய அவையில் 'டெரர்' அரசின் நடைமுறையாக வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. 12 நாள் கழித்துச் சந்தேகத்துக்குரியோர் சட்டம் வந்தது; புரட்சிக்கு எதிரி என்று தோன்றுகிறவரைப் பிடித்து உள்ளே போடலாம். 1794 பிப்ரவரி 5 அன்று அந்த அவையின் உறுப்பினர் ரோபெஸ்பியர் எழுந்து, டெரர் என்பது விரைவான, கடுமையான, வளைந்துகொடுக்காத நீதியே தவிர வேறில்லை என்று பேசினார். ஜூலை மாத முடிவில் அவரே கில்லட்டினுக்குப் பலியானார். அதற்குப் பிறகுதான் அவருடைய ஆட்களை டெரரிஸ்ட் என்று வசைபாடத் தொடங்கினார்கள். 1798இல் பிரெஞ்சு அகாதெமி அகராதியின் பின்னிணைப்பு டெரரிசத்துக்குக் கொடுத்த பொருள், 'டெரரை வைத்து நடத்தும் ஆட்சிமுறை'. ஆங்கிலத்தில் அதைப் பரவச் செய்தவர்களில் ஒருவர் எட்மண்ட் பர்க். பல ஆண்டுகள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1795இல் எழுதிய கடிதத்தில் டெரரிஸ்டுகளை நரகத்து வேட்டைநாய்கள் என்று திட்டினார். ஆக, முதலில் இந்தச் சொல் அரசையும் அரசை நடத்தியவர்களையும் சுட்டியது. அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் பக்கம் திரும்பியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் என்பது தமிழுக்குப் பழைய செய்தி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். கள்வரையும் அரசனையும் தொல்காப்பியர் ஒரே அடியில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. 57ஆவது அதிகாரம், 'வெருவந்த செய்யாமை'. வெரு என்றால் அச்சம். குடிகள் அஞ்சி நடுங்கும்படியான செயலை அரசன் செய்யாதிருப்பது. 1886இல் ஜி.யு. போப் இதை ஆங்கிலமாக்கியபோது டெரரிசம் இல்லாமை என்றுதான் தலைப்புக் கொடுத்தார். அதிகாரத்தின் முதல் குறளே காவல் வேலையைப் பற்றியது: 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து'. தக்கபடி விசாரி, அந்தக் குற்றம் மறுபடி நடக்காத அளவுக்குத் தண்டி, தண்டனை குற்றத்துக்கு ஒத்ததாக இருக்கட்டும். நாடுதல் முதலில், ஒறுத்தல் பிறகு. இன்றைய காவல்துறைக் கையேட்டுக்கும் இந்த வரிசைதான் பொருந்தும்.

வெரு செத்துப்போன சொல்லும் அல்ல. யாழ்ப்பாணத்தில் 'என்னை வெருட்டாதை' என்று இன்றும் சொல்வார்கள். வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை அங்கே வெருளி. தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் இந்த வேரிலிருந்து புதுச்சொல் ஆக்கலாம், தடையில்லை. அச்சுறுத்தல் மட்டும் இந்த இடத்துக்குச் சரிவராது. கடன் கொடுத்தவன் போனில் மிரட்டுவதும் அச்சுறுத்தல்தான். என் கருத்தில் பயங்கரவாதமே இருக்கட்டும். அது சட்டத்தில் ஏறிவிட்டது, எல்லாருக்கும் விளங்குகிறது.

இனி, சட்டமன்றப் பேச்சுக்கு வருவோம். பயங்கரத்தையும் போலீசையும் பற்றி இந்திய அவை ஒன்றில் பேசப்பட்டவற்றில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1919 பிப்ரவரியில் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி பேசியது. இம்பீரியல் சட்டமன்றத்தில் ரௌலட் மசோதா வந்திருந்தது. சந்தேகப்பட்டவரை வழக்கில்லாமல் அடைக்கலாம், மேல்முறையீடு இல்லை. இந்தச் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கையைத் தந்த ரௌலட் குழுவிலேயே சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி இருந்தார். சீனிவாச சாஸ்திரியோ மிதவாதி. அரசோடு பேசிப் பழகியவர். அவர் எழுந்து சொன்னதன் சாரம் இது: கெட்ட சட்டம் ஒன்று வந்துவிட்டால் அது கெட்டவர் மேல் மட்டும் பாயும் என்பதில்லை. பீதி பிடித்த காலத்தில் அரசுகள் நிதானம் இழப்பதைப் பார்த்திருக்கிறேன். டெரர் ஆட்சி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நம்மில் மிக உயர்ந்தவர்களே சந்தேகத்துக்கு ஆளாகி, சி.ஐ.டி. எப்போது வருமோ என்று அஞ்சிக்கொண்டிருந்ததை அறிவேன்.

டெரர் என்ற சொல்லை அவர் எந்தப் பக்கம் திருப்பினார், பாருங்கள். வங்காளத்தில் வெடித்த குண்டுகளை ஒழிக்கத்தான் சட்டம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அவரோ துப்பறியும் போலீசைக் கண்டு ஊர் நடுங்குவதையும் அதே பெயரால் அழைத்தார். காந்தி அன்று பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். சட்டமன்ற நடவடிக்கையை நேரில் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் என்றும், வைஸ்ராய் மெய்மறந்து கேட்பதுபோல் இருந்தார் என்றும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பேச்சைக் கேட்டார்கள், சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்.

இன்னொரு தொடர்பு. 1940இல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்குத் தலைவர் இதே சீனிவாச சாஸ்திரிதான். வடசொற்களின் பக்கம் அது சாய்ந்ததென்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்ததும் நியாயமே. அதனால் 1919 பேச்சின் பெருமை எனக்குக் குறையவில்லை.

போலீஸ் என்ற சொல்லையும் ஒரு கை பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'போலிஸ்' என்றால் நகரம்; நகர நிர்வாகம் என்ற பொருளில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலங்கைத் தமிழில் பொலிஸ். காவல் என்ற நம் சொல் நிர்வாகத்தை விட்டுவிட்டுக் காப்பதை மட்டும் சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் உண்டு, பாளையக்காரர் காலத்தில் தேசக்காவல் உண்டு. காவல்துறை நல்ல பெயர்.

சட்டத்துக்குள் பயங்கரவாதம் நுழைந்தபோது அதற்குத் தெளிவான எல்லை தேவைப்பட்டது. 1932இலேயே வங்காளத்தில் பயங்கரவாதக் கொடுஞ்செயல் ஒடுக்குச் சட்டம் இருந்தது. விடுதலைக்குப் பின் 1985இல் பயங்கரவாத, சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டமான தடா, அது 1987இல் புதுப்பிக்கப்பட்டு 1995இல் காலாவதியானது. தடாவின் வரையறையில் இரண்டு பாதி உண்டு. ஒன்று செயல்: குண்டு, வெடிமருந்து, துப்பாக்கி. மற்றொன்று நோக்கம்: அரசைப் பணியவைப்பது, மக்களிடமோ அவர்களில் ஒரு பகுதியினரிடமோ பீதியைக் கிளப்புவது, அல்லது மக்களுக்குள் பிளவை உண்டாக்குவது. இரண்டும் சேர்ந்தால்தான் பயங்கரவாதச் செயல்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு தடா நீதிமன்றத்தில் நடந்து, 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடாவின்கீழ் தரப்பட்ட பயங்கரவாதத் தண்டனைகளை ரத்து செய்தது. நோக்கம் ராஜீவைக் கொல்வது. அரசைப் பணியவைப்பதோ மக்களைப் பீதியில் ஆழ்த்துவதோ நோக்கம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. கொலைக்கும் சதிக்கும் தண்டனை நின்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். தற்கொலைக் குண்டு வெடித்து, உடன் இருந்த பலரும் மாண்ட நிகழ்ச்சியில்கூட இந்தச் சொல்லைப் போடுவதற்கு முன் நீதிபதிகள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! அதே நேரத்தில், தடாவின்கீழ் காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்களை ஏற்கலாம் என்றும் சொன்னார்கள். சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. 'பயங்கரவாத' என்ற அடைமொழி ஒரு வழக்கின்மேல் ஏறிய உடனே போலீசின் கை எவ்வளவு நீள்கிறது என்பதை இதில் பார்க்கலாம்.

தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற வாக்கில் நிறைவேறியது. அப்போது மத்தியக் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வின் பொதுச்செயலாளர் வைகோவே அந்த ஜூலையில் அதே சட்டத்தில் கைதானார். திருமங்கலத்துக் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை. அவையில் பேசியிருந்தால், எம்.பி.க்களின் அவைப் பேச்சுக்குக் காப்புத் தரும் அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றியிருக்கும். மேடைக்கு அந்தக் காப்பு இல்லை. 2003 டிசம்பரில் பொடா வழக்கில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் தார்மிக ஆதரவு குற்றமாகாது என்று விளக்கியது. ஒருவருடைய கருத்து எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் அது மட்டுமே அவரைப் பயங்கரவாதி ஆக்காது என்று அதைத் தமிழில் சொல்லலாம். இரண்டு சொல்லும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த வாக்கியத்தையே எழுத முடியும்.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில், உள்துறை அமைச்சராகியிருந்த ப. சிதம்பரம் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார்: தேசியப் புலனாய்வு முகமை, உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் திருத்தம். குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள் வரை காவலில் வைக்கலாம் என்றானது. போலீஸ் வாக்குமூலத்தை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. 2019 திருத்தத்தில் தனி மனிதரையும் அரசு பயங்கரவாதி என்று அட்டவணையில் சேர்க்கலாம் என்று வந்தது.

இலங்கையில் இந்தச் சொல்லின் கனம் இன்னும் அதிகம். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கு என்று வந்து, 1982இல் நிரந்தரமானது. அங்கும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகும். ஈழத்தமிழ் வீடுகளில் 'பயங்கரவாதம்' என்று சொன்னால் முதலில் எழும் நினைவு அந்தச் சட்டத்தில் பிடித்துப்போகப்பட்ட பிள்ளைகள்தான்.

எழுதும்போது எதை எங்கே போடுவது? மக்களைப் பீதிக்குள்ளாக்கும் வன்செயல் என்றால் பயங்கரவாதம். கொள்கையில் எல்லைக்குப் போனவர் என்றால் தீவிரவாதி, அல்லது தீவிரப் போக்குடையவர். மிலிட்டன்ட் என்று வந்தால் ஆயுதக் குழுவினர். கைதாகி வழக்கு நடக்கிறவரைப் பயங்கரவாதி என்று எழுதாமல், பயங்கரவாத வழக்கில் கைதானவர் என்று எழுத வேண்டும். உபா அட்டவணையில் பெயர் இருந்தால், அரசு பயங்கரவாதியாக அறிவித்தவர் என்று எழுதலாம். தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம் அல்ல என்பது படிப்பவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.