கார்டு அனுப்பிவிட்டது, மணிதான் கேட்கவில்லை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை மதியத்துக்கு மேல்தான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எடை மெஷினிலிருந்து ஒரு சீரியல் கேபிள் அலுவலகத்தில் இருக்கும் பழைய லினக்ஸ் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து கணக்குப் பிரிவின் கணினிகளுக்கு எடை போய்ச் சேரும். இரண்டு வாரமாக, இலை வர ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சர்வர் நெட்வொர்க்கில் இல்லாமல் போய்விடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"கேபிள் மூணு தடவை மாத்தியாச்சு தம்பி. சுவிட்சும் புதுசு. காலையில நல்லாத்தான் ஓடுது, சாயங்காலம் மறுபடியும் நின்னு போகுது" என்றார் எடை போடும் அண்ணன்.

இந்த மலையில் முதல் சந்தேகம் இடியின் மேல்தான் விழும். அதில் தவறில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி (விண்ணிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை எண்ணும் கருவி), 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் கடந்துபோன ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை அளந்தது. 2019இல் வெளியான கணக்குப்படி அது சுமார் 130 கோடி வோல்ட். நெட்வொர்க் கார்டின் வாயில் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தாங்கவேண்டும் என்று ஈதர்நெட் தரம் கேட்பது 1,500 வோல்ட்தான். மேகத்தின் அழுத்தம் அப்படியே கேபிளில் இறங்குவதில்லை என்றாலும், பக்கத்தில் விழுகிற மின்னல் கம்பியில் தூண்டிவிடும் துளி போதும். அதனால்தான் இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பி இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள் என்று நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்வேன்.

ஆனால் சர்வரின் பதிவேட்டை (லாக்) திறந்ததும் இடி மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. 'நெட்டெவ் வாட்ச்டாக்: ஈத்0: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஈத்0 என்பது சர்வரின் நெட்வொர்க் கார்டு; அதன் அனுப்பும் வரிசை நகரவில்லை என்று பொருள். இந்த வரியைப் பார்த்ததும் பலரும் கேபிளைத்தான் மாற்றுவார்கள். லினக்ஸில் இந்த வாட்ச்டாக், அதாவது அனுப்பும் வரிசை நின்றுவிட்டதா என்று கவனிக்கும் காவல் நிரல், கேபிள் இணைப்பு உயிரோடு இருப்பதாகக் கார்டு சொல்லும்போது மட்டுமே குரல் கொடுக்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டால் அது பேசாது. ஆக, இந்த வரி வருகிறது என்றாலே கோளாறை கம்பிக்கு இந்தப் பக்கம், சர்வரின் வயிற்றுக்குள் தேடுவதுதான் முதல் வேலை.

உள்ளே என்ன நடக்கிறது? இலை சேகரிக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் வட்டமாக 256 கட்டம் வரைந்திருக்கிறது. மேஸ்திரி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூட்டையை வைத்து, "இத்தனையாவது கட்டம் வரை வைத்தாயிற்று" என்று பலகையில் எழுதுகிறார். லாரி வந்து வரிசையாக எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்த கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு மணி அடிக்கிறது. மணி கேட்டால்தான் மேஸ்திரி திரும்பிப் பார்த்து, காலியான கட்டங்களில் அடுத்த மூட்டைகளை வைப்பார்.

மேஸ்திரிதான் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், லாரி நெட்வொர்க் கார்டு, மூட்டைதான் பாக்கெட் என்கிற தரவுத் துண்டு. கட்டங்கள் சர்வரின் நினைவகத்தில் இருக்கின்றன. கார்டு பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் அங்கிருந்து தானே தரவை அள்ளிக்கொள்ளும். மணிக்குப் பெயர் இன்டரப்ட். கிகாபிட் வேகத்தில் முழு அளவுப் பாக்கெட் ஒன்று வெளியே போக 12 மைக்ரோ நொடி சொச்சம் போதும். வாட்ச்டாக் வழக்கமாக 5 நொடி பொறுத்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் நான்கு லட்சம் பாக்கெட் போயிருக்கலாம். அத்தனை நேரம் கட்டங்கள் காலியாகவில்லை என்றால் அது குரல் கொடுக்கிறது. உடனே டிரைவர் கார்டை ரீசெட் செய்து, கட்டங்களைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இங்கேதான் கேட்கவேண்டிய கேள்வி வருகிறது. லாரி மூட்டையை எடுக்கவே இல்லையா, இல்லை எடுத்துக்கொண்டு போய் மணி அடித்தும் மேஸ்திரி காதில் விழவில்லையா? வாட்ச்டாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். சரிசெய்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு நோய்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. லினக்ஸில் ப்ராக் (/proc) அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் எத்தனை முறை மணி அடித்தது என்ற எண்ணிக்கை அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் 'விஎம்ஸ்டாட் -i' கட்டளை இதையே காட்டும். கோளாறு நேரத்தில் பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் பார்த்தபோது ஈத்0 வரியில் எண்ணிக்கை அப்படியே நின்றிருந்தது. பக்கத்துக் கணினியில் பார்த்தால், ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் சர்வரிடமிருந்து ஒரு கொத்துப் பாக்கெட் வந்து விழுந்தது. லாரி நன்றாகத்தான் ஓடியது.

அதே வரியின் கடைசியில் இன்னொரு பெயரும் இருந்தது: எடை மெஷினுக்கான சீரியல் கார்டு. கார்டுகளைச் செருகும் பழைய பிசிஐ முறையில் இன்டரப்ட் என்பது நிஜமாகவே ஒரு கம்பி. பல கார்டுகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும், ஒரே கயிற்றில் பல வீட்டுக்காரர்கள் மணி இழுப்பதுபோல. இழுத்தவருக்குப் பதில் கிடைக்கும்வரை கயிறு இழுத்தபடியே இருக்கும். சீரியல் கார்டு கயிற்றை இழுத்துவிட்டு விடவே இல்லை. அதன் டிரைவரோ "என் மணி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால், அந்தக் கயிற்றையே அறுத்துவிடும். பதிவேட்டில் மேலே தேடினேன். முதல் டைம்அவுட்டுக்குச் சில நொடி முன்னால் 'நோபடி கேர்டு' (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற வரி அப்படியே இருந்தது. கயிறு அறுந்ததும் நெட்வொர்க் கார்டின் மணியும் சேர்ந்து போய்விட்டது. இலை வரும் நேரத்தில்தான் எடை மெஷினுக்கு வேலை, அதனால்தான் சாயங்காலக் கோளாறு.

சீரியல் கார்டைக் கழற்றிவிட்டு, எடை மெஷினை யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாகச் சேர்த்தேன். அன்று இரவு கடைசி மூட்டை வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஈத்0 எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

இன்றைய கார்டுகளில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. எம்எஸ்ஐ என்ற முறையில் கார்டு கயிறு இழுப்பதில்லை; குறிப்பிட்ட ஒரு முகவரிக்குச் சிறு சீட்டு எழுதிப் போடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு, பகிர்வு இல்லை.

எண்ணிக்கை ஏறியும் டைம்அவுட் வந்தால்? அப்போது லாரியைத்தான் பார்க்கவேண்டும். மறுமுனைச் சுவிட்ச் ஓயாமல் 'பாஸ்' (pause) ஃப்ரேம், அதாவது 'கொஞ்சம் நிறுத்து' என்ற செய்தி, அனுப்பினால் கார்டு வாயைத் திறக்காமல் காத்திருக்கும். 'ஈத்டூல்' கட்டளை காட்டும் புள்ளிவிவரத்தில் அந்த எண் தெரியும், இப்படி நிறுத்தச் சொல்லும் ஃப்ளோ கன்ட்ரோல் வசதியை அணைத்துப் பார்க்கலாம். மின்சாரச் சேமிப்புக்காகத் தூங்கிய கார்டு சரியாக விழிக்காததும் உண்டு. அதற்கு ஏஎஸ்பிஎம் என்ற அந்தச் சேமிப்பு வசதியை அணைத்துவிட்டுப் பூட் செய்யவேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கார்டை ஸ்லாட்டிலிருந்து கழற்றி, அதன் தங்க முனைகளைத் துடைத்துத் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். பனியும் தேயிலைத் தூசியும் சேர்ந்து படியும் அறைகளில் இது பல தடவை வேலை செய்திருக்கிறது.