கூடுதல் படைகள் எங்கிருந்து வருகின்றன?

‘கூடுதல் படைகள் அனுப்பப்படுகின்றன’ என்று செய்தி வரும்போதெல்லாம், அந்த ஆட்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். காலாட்படையில் 28 வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் மூன்று வருஷம் கம்பெனி ஹவில்தார் மேஜர். யாருக்குக் காவல், யாருக்கு ரோந்து, யாருக்கு லீவு என்று டூட்டி ரோஸ்டர் போடுவது அவர் வேலை. போரைப் பற்றி எனக்குத் துப்பாக்கி கற்றுத்தந்ததைவிட அந்த நோட்டு கற்றுத்தந்தது அதிகம்.

ஒரு கம்பெனியில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. 90 நாள் என்றால் வருஷத்தில் கால்வாசி. எல்லோருக்கும் ஒழுங்காக லீவு கொடுத்தால் எந்த நாளிலும் 30 பேர் ஊரில் இருப்பார்கள். மிச்சம் 90. பயிற்சிக்குப் போனவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர் என்று ஒரு 12 பேர் போனால் 78. லங்கர் என்கிற சமையல்கூடம், ஸ்டோர், வண்டி, ரேடியோ செட் இவற்றுக்கு 15. கையில் இருப்பது 63 பேர்.

ஒரு காவல் மையத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் நின்று நான்கு மணி நேரம் ஓய்வு என்றால் ஒரு மையத்துக்கு ஆறு பேர். நான்கு மையத்துக்கு 24. இரவு ரோந்துக்கு 20, அவசரத்துக்குத் தயாராக 10. ஆக 54. ஒன்பது பேர் மிச்சம், சமாளிக்கலாம். இந்த நிலையில் மேலிடத்திலிருந்து, ‘இன்னும் இரண்டு மையம் போடுங்கள்’ என்று உத்தரவு வருகிறது. வரைபடத்தில் அது இரண்டு புள்ளி. என் நோட்டில் 12 பேர். மூன்று பேர் குறைகிறார்கள்.

அந்த மூன்று பேரை எங்கே தேடுவது? முதலில் தூக்கத்தில் கை வைப்போம். நான்கு மணி நேர ஓய்வு இரண்டாகும். அடுத்தது லீவு. ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்போம். ஆள் குறைகிறது என்று எந்த அறிக்கையிலும் வராது. எல்லா மையத்திலும் ஆள் நிற்கிறாரே!

17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல ஆகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முழுதாக 24 மணி நேரம் என்றால் 0.10. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தால் உள்ளே வைப்போம். தூங்காமல் வந்தால் ‘ஷாபாஷ்’ சொல்வோம்.

இதை முதலில் இலங்கையில் பார்த்தேன், சிப்பாயாக. 1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அமைதி காக்க என்று போன நம் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. முதலில் ஒரு டிவிஷன், அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு. பிறகு அது நான்கானது. நாட்டுக்குள்ளோ சியாச்சின் பனியில் 1984 முதல் ஆள் நிற்க வேண்டியிருந்தது, பஞ்சாபும் எரிந்துகொண்டிருந்தது. 1990 மார்ச்சில் கடைசி ஆள் கப்பல் ஏறியபோது எங்களில் 1,200 பேருக்கு நெருக்கமாக இறந்திருந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் இழந்தது வேறு கணக்கு, இதைவிடப் பெரியது. நான் தமிழன் என்பதால் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ரோந்து முடித்துப் படுத்தால், ‘பேசத் தெரிந்தவன் எங்கே?’ என்று எழுப்புவார்கள். ஒரு வீட்டுப் பெரியவர் சொன்னதைப் பாதித் தூக்கத்தில் நான் மொழிபெயர்த்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

போர் விரிவதும் ஏறக்குறைய காவல் மையம் கூடுவது மாதிரிதான். 1965 மார்ச்சில் வியட்நாமின் டா நாங் விமானத் தளத்தைக் காக்க அமெரிக்கா சுமார் 3,500 மரைன்களை இறக்கியது. தளத்தைக் காக்க வேண்டுமானால் குண்டு வந்து விழும் தூரம் வரை ரோந்து போக வேண்டும். ரோந்து போனால் அதற்கும் வெளியே ஒரு முகாம் வேண்டும். முகாமுக்குச் சாமான் போகும் பாதையைக் காக்க வேண்டும். அந்த வருஷக் கடைசியில் 1,84,000 பேர். 1969 ஏப்ரலில் 5,43,000.

பிறகு அதே அமெரிக்காவுக்கு ஆப்கானிஸ்தான் போர் முடியாமலே 2003-இல் ஈராக். 2007 ஜனவரியில் ஈராக்குக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் படை என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் ராணுவத்தினரின் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். பணி ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்கு விடாமல் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். ஆக, கூடுதல் படையில் ஒரு பங்கு புதிய ஆளே இல்லை, பழைய ஆளின் கூடுதல் மாதங்கள். அடுத்த வருஷம் அந்த ராணுவமே வெளியிட்ட ஆய்வில், மூன்றாவது நான்காவது முறையாகப் போன சார்ஜென்ட் நிலை ஆட்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்தன. முதல் முறை போனவர்களில் அது 12 சதவீதம் அளவில்தான். ரோஸ்டர் போட்ட எவருக்கும் இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஒரு விடியற்காலை மையங்களைச் சுற்றி வந்தபோது, ஒரு பையன் மணல் மூட்டையில் நெற்றியை வைத்து நின்றபடியே தூங்குவதைப் பார்த்தேன். காவலில் தூங்குவது ராணுவச் சட்டப்படி பெரிய குற்றம். கோபத்தோடு நோட்டைப் புரட்டினேன். மூன்று நாளில் அவனுக்கு நான் எழுதியிருந்த ஓய்வு மொத்தம் பத்து மணி நேரம். என் கையெழுத்துதான். எழுப்பி முகம் கழுவச் சொன்னேன். மாற்றி நிறுத்த ஆள் இல்லாததால் அவனையே திரும்பவும் நிறுத்தினேன். அதை எங்கும் எழுதவில்லை.

பிள்ளையைப் படைக்கு அனுப்பியவர்கள் போனில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். கூடவே நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், போன தடவை சொன்ன லீவு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். இடம், ஆள் கணக்கு எதையும் கேட்க வேண்டாம், அவனும் சொல்லக் கூடாது. தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான், லீவில் வந்தும் இரவில் கதவருகே உட்கார்ந்திருக்கிறான் என்றால், ‘இவனுக்குத் திமிர் ஏறிவிட்டது’ என்று விட்டுவிடாமல் ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுவான். அப்பாவோ மனைவியோ கூடப் போனால் போவான்.