தட்டமும் கொளுவியும்: ‘லைனர்’, ‘டோ பார்’ இரண்டுக்கும் தமிழ் என்ன?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபிறகுதான் அத்தானின் நெடுநாள் ஆசை நிறைவேறியது. ஏழு பேர் இருக்கக்கூடிய உயரமான வண்டி. கொழும்பில் அப்படி எது வந்தாலும் எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே பெயர், ஜீப். வண்டி வந்த கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனார். வாங்கவேண்டியவை இரண்டு: வண்டிக்குள் காலடியில் படிய வைக்கிற ஃபுளோர் லைனர், பின்னால் ட்ரெயிலரை மாட்டுகிற டோ பார். கடை வாசலில் நின்று கேட்டார்: “தம்பி, தமிழ் தமிழ் எண்டு நிக்கிறாய், இதுகளுக்குத் தமிழிலை என்ன சொல்லு பாப்பம்?”

அன்று வாய் திறக்க முடியவில்லை. தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

‘லைனர்’ என்ற சொல்லின் அடியில் இருப்பது ஒரு செடி. ஆளிச்செடிக்கு இலத்தீனில் லினம் என்று பெயர். அதன் நாரில் நெய்த துணிதான் லினன். மேலங்கிகளுக்கு உட்புறம் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால், உள்ளே ஒட்டிக் காக்கும் படை எதுவானாலும் ஆங்கிலத்தில் ‘லைனிங்’ ஆகிவிட்டது. தையற்காரரிடம் “லைனிங் வைச்சுத் தையுங்கோ” என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். ‘மெற்’ வேறு வழியில் வந்தது. இலத்தீனில் ‘மத்தா’ என்றால் கோரைப் பாய். ஆக மெற் விரிப்பது, லைனர் உள்வடிவத்தோடு பொருந்திப் படிவது. கடையில் கேட்கும் விலை வித்தியாசமும் இந்தப் பொருள் வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

மெற்றுக்குப் பலர் ‘மிதியடி’ என்று எழுதுகிறார்கள். இன்றைய வழக்கில் அது பிழையல்ல. ஆனால் மிதியடியின் பழைய பொருள் காலணி, குறிப்பாக மரத்தால் செய்த பாதக்குறடு. பரதன் தலையில் சுமந்துபோன பாதுகைக்குப் பொருந்துகிற சொல்லை வாசற்படியில் போட எனக்கு மனம் வரவில்லை. ‘கால்மிதி’ போதும். ஓலையில் இழைத்த ‘தடுக்கு’ என்ற அருமையான சொல்லும் இருக்கிறது. ஆனால் அது உட்காரவும் குழந்தையைக் கிடத்தவும் ஆனது. சேற்றுக் காலோடு மிதிக்கிற பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

லைனருக்கு என்ன செய்வது? பாடப்புத்தகத்தில் ‘அகவணி’ என்றொரு சொல் இருக்கிறது. இரத்தக்குழாயின் உட்படைக்கு நாங்கள் உயிரியலில் படித்தது. கடைக்காரரிடம் அதைச் சொன்னால் விளங்காது. கடை நானா தன் வாயாலேயே வழி காட்டினார். லைனரைத் தூக்கிக் காட்டி, “இது சும்மா மெற் இல்ல, தட்டம் மாதிரி. தண்ணி விளிம்பு தாண்டாது” என்றார். தட்டம்! வெற்றிலை வைத்து நீட்டுகிற அதே தட்டம். தட்டு, தட்டை என்பவற்றோடு பிறந்த சொல், சுற்றிலும் விளிம்பு எழும்பிய பரந்த ஏனம். அதனால் என் தெரிவு ‘மிதிதட்டம்’. மிதிபலகையைப் போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது.

மிதிதட்டம் எடுக்கும்போது வண்டியின் பெயரும் ஆண்டும் பொருந்தினால் மட்டும் போதாது. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்கு வெட்டியது எங்கள் வலப்பக்க வண்டிக்குள் இருக்காது. இறப்பர் பாரமானது, வெயிலில் மணக்கும், ஆனால் நன்றாகப் பிடித்திருக்கும். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவில் வேர்விட்ட மரம் தந்த பொருள் என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு. ரி.பி.ஈ. என்பது இறப்பர்போல வளையும் பிளாஸ்டிக். பாரமும் மணமும் குறைவு.

இதிலெல்லாம் முக்கியம், சாரதியின் காலடியில் தரையோடு பிணைக்கிற அந்தச் சிறிய பிடி. அத்தானின் பழைய காரில் ஒருநாள் பம்பலப்பிட்டிச் சந்தியில் மெற் வழுகி அக்சிலரேட்டரின் கீழ் மடிந்துவிட்டது. பின்சீற்றில் பிள்ளைகள். நல்லகாலம், முன்னால் வாகனம் இல்லை. 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். பழைய மெற்றின்மேல் புதியதைப் போடுவது அதைவிட ஆபத்து. அந்தப் பிடிக்கு நானா சொன்ன பெயர் ‘கொளுக்கி’.

எனக்கு வேண்டிய மற்றச் சொல்லும் அதற்குள்ளேயே இருந்தது.

கொள் என்பது வேர். கொள்ளச் செய்வது கொளுவுதல். சட்டையை ஆணியில் கொளுவுகிறோம், படத்தைச் சுவரில் கொளுவுகிறோம். இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டால் அதுவும் கொளுவல்தான், ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால். எங்களில் பலர் இதைக் ‘கொழுவு’ என்று ழகரம் போட்டு எழுதுகிறோம். கொழு என்றால் ஏரின் இரும்பு முனை, அல்லது கொழுப்பு. பிடித்துக்கொள்வதைச் சொல்ல ளகரமே வேண்டும் என்பது என் முடிவு. ஆகவே டோ பாருக்கும், ஹிச் என்று சிலர் சொல்லும் அதே இணைப்புக்கும் ‘கொளுவி’.

‘இழுவை’ ஏன் கூடாது என்று கேட்கலாம். ‘டோ’ இழுத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது, அந்த வகையில் நேர்ச்சொல் அதுதான். ஆனால் வடக்கில் இழுவை என்றால் காதில் விழுவது கடலடியை வழித்துப்போகும் இழுவை மடி. 2017இல் சட்டம்போட்டுத் தடைசெய்யவேண்டி வந்த தொழில் அது. மீனவர் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கசப்பு எனக்குத் தெரியும். தவிர, டோ பார் எதையும் இழுப்பதில்லை. வண்டி இழுக்கிறது, அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

கொளுவியின் உறுப்புகளுக்குப் பெயர் தேடி அலையவே வேண்டியதில்லை. மேலே நிற்கும் உருண்டையும் அதன்மேல் கவிழும் மூடியும் சேர்ந்தால், இடுப்பெலும்புக்குப் படித்த பந்துக் கிண்ண மூட்டு. பந்து, கிண்ணம் என்றே சொல்லலாம். அளவு மட்டும் கவனம்: ஐரோப்பியப் பந்து 50 மில்லிமீற்றர், அமெரிக்க 2 அங்குலப் பந்து 50.8. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் கிண்ணத்தை மற்றதன் பந்தில் போடக்கூடாது. தளர்ந்தால் கழரும், இறுகினால் சரியாகப் பூட்டாது.

கடைசியாக ஒன்றில்தான் நான் திணறினேன். ட்ரெயிலரின் முன்நுனி கொளுவியை அழுத்துகிற பாரத்துக்கு ஆங்கிலத்தில் நாக்கின் எடை என்று பெயர். ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் என்பது அமெரிக்கக் கணக்கு. குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். கூடினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சில்லுகள் நிலத்தை அமர்த்திப் பிடிக்காது. கிளிநொச்சித் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றப்போகும் அத்தான் இதை அரைவாசி ஆங்கிலத்தில் தகப்பனாருக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். இளமையில் மாட்டுவண்டி ஓட்டிய மனிதர் அவர். கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முன்பாரம் எண்டு சொல்லன் மோனை. பின்பாரம் ஏத்தினால் நுகம் மேலை எழும்பி மாட்டின்ரை கழுத்தை இறுக்கும். பாத்து ஏத்து.”

முன்பாரம். அப்படியே குறித்துக்கொண்டேன்.