நரம்பு செல்லை வாழவைப்பதும் சாகடிப்பதும் ஒரே சுவிட்சா?

தண்டுவடத்தில் அடிபட்டால், சேதமெல்லாம் அந்த நொடியிலேயே முடிந்துவிடுவதாகத்தான் பலர் நினைக்கிறோம். இல்லை. நசுங்குவது முதல் கட்டம் மட்டும், அப்புறம் மணிக்கணக்கில், சில வகை செல்களில் வாரக்கணக்கில், அடியே படாத பக்கத்து செல்களும் சாகின்றன. உடைந்த செல்கள் குளுட்டமேட் என்ற, நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருளைக் கொட்ட, அதனால் பக்கத்து நரம்பு செல்லுக்குள் கால்சியம் புகுந்து நிறைகிறது, போதாததற்கு வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும்.

இப்படிச் சாகிறவற்றில் பல, தம்மைத் தாமே கொன்றுகொள்கின்றன. நம் செல்களில் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்புதான், அதில் எதை எப்போது படித்துப் புரதமாக்குவது என்பதுதான் மாறுகிறது. அதற்குப் பெயர் மரபணு வெளிப்பாடு (ஏதோ புத்தக வெளியீடு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய). இந்த வெளிப்பாடு மாறி, பேக்ஸ் என்ற புரதத்தின் கை ஓங்கினால் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழும், உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும், காஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே நறுக்கிவிடும். பிசிஎல்-2 என்ற இன்னொரு புரதம் போதுமான அளவு இருந்தால் பேக்ஸைத் தடுத்துவிடும்.

சரி, எங்கோ ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) அறுந்தது உட்கருவுக்கு எப்படித் தெரியும்? டைனின் என்ற மோட்டார் புரதம் செய்தியைச் சுமந்துகொண்டு ஆக்ஸான் வழியாக நடந்தே வருகிறது. ஆனால் வந்த செய்தியை எல்லா செல்லும் ஒரேபோல் எடுத்துக்கொள்வதில்லை. முதுகெலும்பை ஒட்டி இருக்கும் உணர்வு நரம்பு செல்லுக்கு இரண்டு கிளைகள்: ஒன்று கால் பக்கம் போகும், இன்னொன்று தண்டுவடத்துக்குள். கால் பக்கக் கிளையை வெட்டினால் சி-ஜுன், ஏடிஎஃப்3 போன்ற மரபணுக்கள் எகிறிவிடும், கிளையும் மறுபடி வளரத் தொடங்கும். தண்டுவடக் கிளையை வெட்டினாலோ செல் பெரிதாக அலட்டிக்கொள்வதே இல்லை. 1984இல் ரிச்சர்ட்சன், இஸ்ஸா என்ற ஆய்வாளர்கள் எலிகளில் கால் பக்க நரம்பையும் சேர்த்து வெட்டிப் பார்த்தார்கள். செல் உசுப்பிவிடப்பட்டதில் தண்டுவடக் கிளையும் வளர ஆரம்பித்தது! ஒரே செல், ஒரே மரபணுக்கள், எந்தப் பக்கம் காயம் என்பதில்தான் எல்லாம்.

அப்படியென்றால் சி-ஜுனை முடுக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், தண்டுவடம் போலவே மைய நரம்பு மண்டலத்தைச் சேர்ந்த கண் நரம்பில், சி-ஜுனைத் தூண்டும் டிஎல்கே என்ற நொதிதான் மறுவளர்ச்சியையும் சாவையும் சேர்த்தே தொடங்கி வைக்கிறது. 2013இல் சுண்டெலிகளில் டிஎல்கேவை நீக்கியபோது செல்கள் நிறையவே பிழைத்தன, ஆனால் அறுந்த ஆக்ஸான்கள் வளரவில்லை.